அம்மா சொல்லிக் கொடுத்த பதில்கள்

சிறைச்சாலையில் பார்வையாளர்களுக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் நடுவில் தடித்த கண்ணாடி இருக்கும். பேசுவதற்கு அந்தப் பக்கம் ஒரு தொலைபேசி, இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் என் அண்ணன். இந்தப் பக்கம் அம்மா தொலைபேசியைப் பிடித்திருக்க, நான் அதன் மறுபுறத்தில் காதை ஒட்டிக்கொண்டு கேட்பேன். அன்று அம்மா நலம் விசாரிக்கவில்லை. உட்கார்ந்ததுமே பாடத்தை ஆரம்பித்துவிட்டார்.

"வயசு என்ன?"

"இருபத்தெட்டு."

"மரியாதையாச் சொல்லு."

"இருபத்தெட்டு, துவான்."

"மலாய்ல கேட்டாத்தான் துவான். வர்றது டாக்டர். டாக்டர்னு சொல்லணும். வீடு எங்க?"

அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். புளோக், மாடி, கதவு எண், ஆயர் ஈத்தாம், பினாங்கு என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தான்.

"கண்ண மூடாதடா. கேக்குறவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"மூடினாத்தாம்மா வருது."

"மூடினா ஒரு மாதிரியா நெனைப்பாங்க. இன்னிக்கு என்ன கெழம?"

"நீங்க வந்திருக்கீங்க. அப்ப திங்கக்கெழம."

அம்மாவுக்கு வேலையில் திங்கட்கிழமைதான் ஓய்வு. அன்றுதான் பார்க்க வருவோம். அண்ணனின் கணக்கு சரிதான். ஆனால் அம்மாவுக்கு அது திருப்தியாக இல்லை. "டாக்டர்கிட்ட அப்படிச் சொல்லி வைக்காத. காலைலயே வார்டன்கிட்ட கேட்டு வச்சுக்க. ருக்குன் நெகாரா சொல்லு."

ருக்குன் நெகாரா இந்த நாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் பள்ளித் திடலில் நின்று சொல்லும் உறுதிமொழி. உட்கார்ந்து சொல்லக் கூடாது என்று அண்ணனுக்குத் தெரியும். தொலைபேசியை வைத்துவிட்டு எழுந்தான். கைகளைத் தொடையோடு ஒட்டி நேராக நின்றான். கண்ணாடிக்கு இப்பால் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது. பின்னால் நின்ற வார்டன் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தவன், நாங்கள் வரும்போதெல்லாம் கேட்பதைக் கேட்டான்.

"அந்தப் பையக் கொண்டுபோய்க் குடுத்துட்டீங்களா?"

"அந்தப் பேச்ச விடுறியா," என்றார் அம்மா. "மறுபடியும் மொதல்லேர்ந்து. வயசு என்ன?"

அடுத்த வாரம் மனநல மருத்துவர் ஒருவர் அண்ணனைப் பார்க்க வருவதாக இருந்தது. போதைப்பொருள் கடத்தியதாக அவன்மேல் வழக்கு. தீர்ப்பு எதிராகப் போனால் தூக்கு வரைக்கும் போகும். அவனுடைய அறிவு எந்த அளவுக்கு எட்டும் என்று அந்த மருத்துவர் எழுதப் போவதுதான் எங்கள் கையில் இருந்த ஒரே பிடி. அந்த மருத்துவரிடம் தன் பிள்ளை நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று அம்மா நினைத்தார்.

இதை வெளியாட்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் வீட்டில் யாராவது அதிகாரி கேள்வி கேட்க வருகிறார் என்றால், அதற்குத் தயாராவதுதான் வழக்கம். வீட்டில் முதலில் படித்து முடித்தவன் நான். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் கிளினிக்கிலும் பதிவு அலுவலகத்திலும் வரிசையில் நிற்கும்போது சொல்ல வேண்டியதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே நின்றவர்கள். பதில் தடுமாறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். அண்ணன் விஷயத்தில் அம்மாவுக்கு அந்தப் பயம் பல மடங்கு.

அண்ணன் இரண்டாம் வகுப்பில் இருந்தபோதே ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்டு, பையனை ஆஸ்பத்திரியில் காட்டி ஊனமுற்றோர் அட்டை எடுத்துவிடுங்கள், வேறு மாதிரியான வகுப்பு இருக்கிறது, உதவி கிடைக்கும் என்று சொன்னாராம். அம்மா எடுக்கவில்லை. "ஓடுறான், ஆடுறான், சோறு திங்கிறான். இவனுக்கு எதுக்குக் கார்டு? அதக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியணுமா எம்புள்ள?" என்று பல வருடம் கழித்தும் என்னிடம் கோபப்பட்டார். அட்டைக்குப் பதிலாக அவர் பயிற்சி கொடுத்தார். நான் முதல் வகுப்பில் சேர்ந்து ருக்குன் நெகாராவை வீட்டில் சத்தம் போட்டுப் படித்தபோது அண்ணனையும் பக்கத்தில் உட்கார வைத்தார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நான் படிக்க, அவன் திருப்பிச் சொன்னான். எனக்கு முன்னால் அவனுக்குப் பாடமாகிவிட்டது. மாடிப்படியில் பையன்கள் அவனை நிறுத்தி, "டேய், சொல்லுடா," என்பார்கள். கேலிக்குத்தான். அவன் நேராக நின்று முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் நகர்வான்.

அம்மா அவனுக்கு வேறு இரண்டு விஷயமும் சொல்லிக் கொடுத்திருந்தார். பெரியவர்கள் எது கேட்டாலும் மரியாதையாக ஆமாம் என்று சொல்ல வேண்டும். அடுத்தவர் பையைத் திறந்து பார்க்கக் கூடாது. இந்த இரண்டும் இருந்ததால் ஆயர் ஈத்தாம் சந்தையில் அவனுக்கு நல்ல பெயர். வாங்கிய சாமானைக் கடையிலிருந்து பேருந்து வரைக்கும், மோட்டோ பைக் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பான். தைப்பூசம் நெருங்கினால் தேங்காய்க்காரர் அவனை விடமாட்டார். ரதம் வரும் வழியில் உடைப்பதற்காக லோரி லோரியாக வந்து இறங்கும் தேங்காய்களை ஒன்றுகூட உருளாமல் அடுக்குவான். "இவன்கிட்ட ஒரு பையக் குடுத்தா பேங்குல போட்ட மாதிரிலா," என்பார் தேங்காய்க்காரர். "தொறந்து பாக்கவே மாட்டான். பசிக்குதான்னு தன் வயித்தயே பாக்க மாட்டான், அடுத்தவன் பையவா பாக்கப்போறான்?"

இதை வேறொருவனும் கவனித்திருக்கிறான். மோட்டோவில் சந்தைக்கு வரப்போக இருந்த ஒருவன் சில வாரங்கள் அண்ணனுக்குச் சாப்பிட மீ கோரெங் வாங்கிக் கொடுத்து, தம்பி தம்பி என்று பேசிப் பழகினான். ஒரு நாள் ஒரு பையைக் கொடுத்து, பேருந்து நிறுத்தத்தில் இன்னொரு அண்ணன் வந்து வாங்கிக்கொள்வார் என்றான். அண்ணன் பையோடு நிறுத்தத்தில் நின்றான். வந்தது போலீஸ். பையில் இருந்ததன் எடை, மரண தண்டனைக்குச் சட்டம் வைத்திருக்கும் அளவைத் தாண்டியிருந்தது. மோட்டோக்காரனை அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை.

பையில் என்ன இருக்கிறது என்று தெரியுமா என்று கேட்டார்களாம். அண்ணன், "தெரியும், துவான்," என்று சொல்லியிருக்கிறான். மரியாதையாக.

நீதிமன்றமே எங்களுக்கு அமர்த்திக் கொடுத்த வழக்கறிஞர் ஒரு தமிழ் முஸ்லிம் பெண். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். முதல் நாளே எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். முன்பு குற்றம் உறுதியானால் தூக்கு, வேறு பேச்சே கிடையாது. இப்போது சட்டம் மாறியிருக்கிறது. தூக்கா, ஆயுள் சிறையா என்று நீதிபதி முடிவு செய்யலாம்.

"ஆனா அறிவு வளர்ச்சி கொறஞ்சவங்களத் தூக்குல போடக் கூடாதுன்னு நம்ம சட்டத்துல தனியா ஒரு வரி கெடையாது தம்பி. நாமதான் காட்டணும். பையத் தொறந்து பாக்கலன்னு நாம சொன்னா, வேணும்னே கண்ண மூடிக்கிட்டான்னு அவங்க சொல்லுவாங்க. அண்ணனுக்குக் கார்டு இருந்திருந்தா நல்லாருந்திருக்கும். இப்ப டாக்டர் எழுதுறதுதான்."

மருத்துவர் வந்து போனார். அறிக்கை வந்ததும் அக்கா என்னை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். அவர் படித்துச் சொன்னதில் எனக்குப் புரிந்தது இதுதான்: அறிவுத்திறன் சராசரிக்குக் கீழே, ஆனால் வயது, முகவரி, கிழமை எல்லாம் தெளிவாகச் சொல்கிறார், கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தருகிறார், அன்றாட விஷயங்களைப் புரிந்துகொள்ளக்கூடியவர். தாமாகவே எழுந்து நின்று ருக்குன் நெகாராவைப் பிழையில்லாமல் சொன்னார் என்பதும் இருந்தது.

"யாராச்சும் சொல்லிக் குடுத்தீங்களா தம்பி?"

சொன்னேன். அக்கா திட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எங்க வாப்பாவும் இப்படித்தான். டாக்டர்கிட்ட பிரஷர் பாக்கப் போறதுக்கு முன்னாடி ரெண்டு மாத்திரையச் சேத்துப் போட்டுக்கிட்டுப் போவாரு. டாக்டர் வாயால நல்லாருக்குன்னு கேக்கணுமாம். கேட்டுட்டு வீட்டுக்கு வந்து மயங்கி விழுவாரு." கொஞ்சம் சிரித்தார். பிறகு, "இத நீங்கதான் அம்மாகிட்ட சொல்லணும். நான் சொன்னா பயந்துருவாங்க," என்றார்.

நான் வீட்டுக்குப் போனபோது அம்மா தொழிற்சாலையில் துப்புரவு வேலை முடிந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"டாக்டர் என்ன எழுதியிருக்காரு?"

"நல்லாப் பதில் சொல்றான்னு எழுதியிருக்காரு."

அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன. "சொன்னேன்ல? மெண்டல் மெண்டல்னு இந்த புளோக்கே சொல்லுச்சு. டாக்டரே எழுதிட்டாரு பாத்தியா? அந்தத் தாள் ஒண்ணு எனக்கு வாங்கிக் குடுடா."

"அம்மா, அவன் நல்லாப் பதில் சொன்னா, எல்லாம் தெரிஞ்சேதான் பையத் தூக்கினான்னு ஆயிரும்."

கத்தி நின்றது. பிறகு மறுபடியும் நறுக்க ஆரம்பித்தார். எல்லாக் காயையும் நறுக்கி முடித்துவிட்டுத்தான் கேட்டார்.

"அப்ப அவன் தப்பாச் சொல்லியிருக்கணுமா?"

"தப்பா இல்லம்மா. அவன் எப்படியோ அப்படியே இருந்திருந்தாப் போதும்."

"அவன் எப்படியோ அப்படியே விட்டிருந்தா இந்த ஊரு அவன என்ன பண்ணியிருக்கும் தெரியுமா ஒனக்கு? நீ பள்ளிக்கூடம் போன. அவன் தெருவுல நின்னான். தெருவுல நிக்கிறவனுக்குப் பதில் தெரிஞ்சிருக்கணும்."

அம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அன்று குழம்பில் உப்பே இல்லை. இருவரும் அதைச் சொல்லாமல் சாப்பிட்டோம்.

அடுத்த திங்கட்கிழமை அம்மா ஒரு முடிவோடு வந்தார். மறுபடியும் ஒரு மருத்துவரைக் கேட்டுப் பார்ப்பதாக அக்கா சொல்லியிருந்தார். அதற்குள் பழைய பாடத்தை மாற்றிவிடலாம் என்று அம்மா நினைத்தார்.

"இங்க பாரு. இனிமே தெரியலன்னா தெரியலன்னு சொல்லிரு. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அண்ணன் தலையாட்டினான். புதுப் பாடம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான்.

"வயசு என்ன?"

"தெரியல."

"அது ஒனக்குத் தெரியும்லடா. வீடு எங்க?"

"தெரியல, டாக்டர்."

"நான் யாரு?"

"தெரியல," என்று சொல்லிவிட்டு, சரியாகச் சொல்லிவிட்டோமா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

அம்மாவும் சிரித்தார். சிரிப்பு நிற்காமல், தொலைபேசியை என் கையில் திணித்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணன் என்னிடம், "சரியாத்தானே சொன்னேன்?" என்று கேட்டான். சரிதான் என்றேன். அவன் உடனே, "பையக் குடுத்துட்டீங்களா?" என்றான்.

நடந்ததைக் கேள்விப்பட்டதும் இனி எதுவும் சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டாவது மருத்துவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. வழக்கு நடந்து, குற்றம் உறுதி என்று தீர்ப்பானது. மிஞ்சியது, தண்டனை என்ன என்பது மட்டும். அதைச் சொல்வதற்கு முன் அம்மாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றப் போவதாக அக்கா சொன்னார். "உண்மையச் சொல்லுங்கம்மா. அவருக்கு என்னென்ன முடியாதோ அத்தனையும் சொல்லுங்க. அவரு அங்கதான் ஒக்காந்திருப்பாரு. அவரப் பாக்காமச் சொல்லுங்க."

அன்று அம்மா தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டார். நீதிமன்றத்தில் அண்ணன் எங்களைப் பார்த்ததும் கையசைத்தான். காவலர் அவன் கையை மெல்லக் கீழே இறக்கினார். அம்மா தமிழில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் மலாயில் சொன்னார்.

"அவனுக்குச் சட்ட பட்டன் போட வராது. நான்தான் போட்டு விடுவேன். இப்ப யாரு போட்டு விடுறாங்கன்னு தெரியல. காசு குடுத்தா மீதி வாங்கத் தெரியாது. பஸ்ஸுல தனியா ஏறினா எங்க எறங்கணும்னு தெரியாது. வீடு எங்கன்னு கேட்டா சொல்லுவான். ஆனா பக்கத்துத் தெருவுல விட்டா வந்து சேர மாட்டான்." மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். "டாக்டர்கிட்ட அவன் சொன்னதெல்லாம் நான் சொல்லிக் குடுத்தது. அதுக்கு அர்த்தம் அவனுக்குத் தெரியாது. எம்புள்ளைக்கு அறிவு பத்தாதுங்க. இத நான் வெளிய யார்கிட்டயும் சொன்னதில்ல. செத்துப்போன அவன் அப்பாகிட்டகூடச் சொன்னதில்ல."

அரசுத் தரப்பு வழக்கறிஞர், மகனைக் காப்பாற்றத்தான் இப்போது இப்படிச் சொல்கிறீர்களா என்று கேட்டார். குரலில் கடுமை இல்லை.

"ஆமாங்க. காப்பாத்தத்தான். அன்னிக்கு அப்படிச் சொல்லிக் குடுத்ததும் காப்பாத்தத்தான்."

அப்போதுதான் அண்ணன் எழுந்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது. இத்தனை பேர் நடுவில் அம்மா அவனை ஒன்றும் தெரியாதவன் என்று சொல்லிவிட்டார். கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, நீதிபதியைப் பார்த்து உரக்க வயதைச் சொன்னான். புளோக், மாடி, கதவு எண் சொன்னான். பிறகு ருக்குன் நெகாராவை ஆரம்பித்தான். காவலர் அவன் தோளைப் பிடித்தார். நீதிபதி வேண்டாம் என்று கைகாட்டினார். அவன் கடைசி வரி வரை சொல்லி முடித்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

நீதிபதி கொஞ்சம் முன்னால் சாய்ந்து, எதற்காக இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள் என்று தெரியுமா என்று அவனைக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். இதற்கு அம்மா ஒன்றும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பை இன்னும் போய்ச் சேரலங்க," என்றான் அண்ணன். "அந்த அண்ணன் வர்றதுக்குள்ள போலீஸ் வாங்கிட்டுப் போயிட்டாங்க. அவர் தேடுவாரு. பையக் குடுத்தா நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துருவேன். தொறந்து பாக்க மாட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொன்னார்.

இடைவேளைக்குப் பிறகு நீதிபதி தண்டனையைச் சொன்னார். தூக்கு இல்லை. ஆயுள் சிறை, முப்பது வருடம். பன்னிரண்டு ரோத்தான். அக்கா திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். அரசுத் தரப்பு பிறகு மேல்முறையீடும் செய்யவில்லை.

வெளியே வராந்தாவில் அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டு, "உசிரக் காப்பாத்திட்டீங்கம்மா," என்றார்.

"எப்ப வீட்டுக்கு வருவான்?"

அக்கா சொன்னார். நன்னடத்தை இருந்தால் கொஞ்சம் குறையும் என்றும் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டார். பிறகு, "ரோத்தான்னா பெரம்படியா?" என்றார்.

"ஆமாம்மா."

"தப்புப் பண்ணினாத்தான் நான் அவன அடிப்பேன். எதுக்கு அடிச்சேன்னும் சொல்லுவேன்." நீதிமன்றத்தின் வெள்ளைத் தூணில் கையை ஊன்றிக்கொண்டார். "இவங்க அடிக்கிறப்ப எதுக்குன்னு அவனுக்கு யாரு சொல்லுவா?"

அக்கா கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். லைட் ஸ்ட்ரீட்டில் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன.

வேறு சிறைக்கு மாற்றுவதற்கு முன் ஒரு திங்கட்கிழமை மிஞ்சியிருந்தது. அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான். தொலைபேசியை எடுக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். கழுத்துப் பட்டன் ஓட்டை மாறிப் போட்டிருந்தது. நான் கண்ணாடியைத் தட்டினேன். வார்டன் அதட்டினார். அம்மா தொலைபேசியைக் காதில் வைத்தபடி காத்திருந்தார். வெகு நேரம் கழித்து அவன் எடுத்தான்.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. எத்தன பேரு இருந்தாங்க."

"தப்புதான்டா சாமி. அம்மா தப்பாச் சொல்லிட்டேன்."

"எல்லாம் தெரியும்னு சொல்லுங்க."

"எம்புள்ளைக்கு எல்லாம் தெரியும்."

அவன் திரும்பி உட்கார்ந்தான். அம்மா கண்ணாடியில் முகத்தை ஒட்டினாற்போல் சாய்ந்துகொண்டார்.

"இப்ப சொல்லப்போறத நல்லாக் கேட்டுக்க. வயச மறந்தாலும் பரவால்ல. கெழம மறந்தாலும் பரவால்ல. வீட்ட மட்டும் மறக்காத. ஒரு நாளு கதவத் தொறந்து, போன்னு சொல்லுவாங்க. அன்னிக்கு நான் வர முடியாமப் போகலாம். யாராச்சும் பெரியவங்ககிட்ட வீட்டச் சொன்னா, கொண்டாந்து விட்டுருவாங்க. தினம் ஒரு தடவ சொல்லிப் பாத்துக்க. சரியா?"

"தம்பி வீட்ல இருப்பான்ல?"

அம்மா என்னைப் பார்த்தார். என் கூட வேலை செய்பவர்கள் அக்கரையில் பட்டர்வொர்த் பக்கம் வீடு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடம் பார்த்தும் வைத்திருந்தேன். அண்ணனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரிதான் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. தொலைபேசியை வாங்கி, "இருப்பேண்ணே. அதே வீட்லதான் இருப்பேன்," என்றேன்.

திருப்பி வாங்கிக்கொண்ட அம்மா, "எங்க, ஒரு தடவ சொல்லு," என்றார்.

அண்ணன் முதுகை நிமிர்த்தினான். வாயைத் திறந்தவன் நிறுத்திவிட்டு, எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான்.

"கண்ண மூடிக்கவாம்மா?"

"மூடிக்கடா," என்றார் அம்மா.